கவட்டைமூக்கன்

கித்தேரி அந்த மீனை எடுத்த கையோடு மறைத்தும் விட்டாள். யோசித்துச் செய்ததல்ல. வேண்டாமென்று ஒதுக்கிய கழசல் மீன் குவியலுக்குள் விட்ட கை, வாலையும் தலையையும் தள்ளிக்கொண்டு போன கை, நண்டுக்காலுக்கும் சங்குச் சில்லுக்கும் நடுவே ஒரு சொரசொரப்பில் முட்டி நின்றது. விரல்கள் அதை இன்னதென்று கண்டுகொண்டன. அடுத்த மூச்சு வருவதற்குள் மீன் அவள் இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்த் துண்டுக்கு அடியில், வலது தொடையோரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். குவியலுக்கு அந்தப் பக்கம் ஜெனோவா தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்நேரம் செல்போனை எடுத்திருப்பாள், படம் பிடித்திருப்பாள், அது போய்ச் சேர்ந்திருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து மீன் ஆராய்ச்சிக்கு வருகிற அரசி மேடத்தின் குரல் வந்திருக்கும், ஜெனோவா ஜெனோவா என்று. அந்தக் குரலில் தன் கொழுந்தன் பொண்டாட்டியின் பேரைக் கேட்பதைப்போல உலகத்தில் ஒரு எரிச்சல் கிடையாது என்று கித்தேரி நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஒரு கணவாயை எடுத்துக் கூடையில் போட்டாள். கை நிற்கக்கூடாது. கை நின்றால் சந்தேகம் வரும். மணி ஏழரை இருக்கும். விடியக்காலை வந்த ஆழ்கடல் இறால் படகு இறாலையெல்லாம் ஏலத்துக்கு இறக்கிவிட்டு, வலையில் கூடவே வந்த விலைபோகாத மீனையெல்லாம் இங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒன்பதரைக்கு மீன்மாவு லாரி வந்து வாரிக்கொண்டு போகும்வரை அந்தக் குவியல் அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். கறிக்கு ஆகிறதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு மேடம் வருவார்.

தொடையில் முள் குத்தியது. கால் மாற்றி உட்கார்ந்தால் இன்னும் ஆழமாகக் குத்தியது. செதிலே இல்லாத மீன் இது. செதில் இருக்கவேண்டிய இடமெல்லாம் எலும்புத் தகடு, தகட்டுக்குத் தகடு ஒரு முள், தலையிலிருந்து வால்வரை வரிசை பிசகாமல் அடுக்கி வைத்தாற்போல. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கொம்பு, உண்டிவில்லுக்கு வெட்டிய கவட்டைக் கம்பு மாதிரி. தாடையில் தாடி. நிறம் மட்டும் செக்கச்செவேல். கீழே அந்த இருட்டில் யார் பார்க்க இவ்வளவு சிவப்பு என்று ஒருதடவை கேட்டதற்கு மேடம் சிரித்து, அங்கே சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும், யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அந்த நிறம் என்றார். இருநூறு பாகம், அதாவது ஆயிரத்து இருநூறு அடி ஆழத்தில், வெயில் எட்டாத சேற்றுத்தரையில், இது நீந்துவதைவிட நடக்கத்தான் செய்யுமாம். இரண்டு பக்கத்துச் செவுளுக்கும் கீழே இரண்டிரண்டு விரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை ஊன்றி ஊன்றி. தாடியால் சேற்றைத் தடவி ருசி பார்த்து, புழுவோ குட்டி இறாலோ தட்டுப்பட்டால் தின்னுமாம். இதையெல்லாம் மேடம் அவளுக்குத்தான் முதலில் சொன்னார். இதே குவியலோரம், இதே மாதிரிப் பலகை போட்டு உட்கார்ந்து, சேலைக் கரையெல்லாம் மீன்தண்ணியாக. அப்போது ஜெனோவா இந்தக் குடும்பத்துக்கே வந்திருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் மேடம் முதல்முதலாக வந்த அன்று நாற்றம் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோது முதுகைத் தடவிவிட்டது யார்? எலுமிச்சம்பழம் வாங்கி வரச்சொல்லி மோந்து பார்க்கக் கொடுத்தது யார்? மேற்கத்திப் பொண்ணு, பொள்ளாச்சிப் பக்கம், கடலையே காலேஜ் போய்த்தான் பார்த்தாளாம். மீனைக் கையால் பிடிக்கவே கூசிய பொண்ணு. எந்த மீனை எப்படிப் பிடித்தால் முள் ஏறாது, எதன் வாலில் விஷம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்ததும் கித்தேரிதான். உங்க கைக்குக் கண்ணு இருக்குங்க கித்தேரியம்மா என்று மேடம் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருஷன் அந்தோணி கட்டிக்கொண்ட இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. மேடம் சொன்ன பிறகுதான் இப்படியும் ஒரு வார்த்தை உண்டு என்றே தெரிந்தது. தெரிந்த பிறகு அது இல்லாமல் இருக்க முடியவில்லை. அதுதான் வினை.

"யக்கா, ஒனக்கு ஏதாச்சும் கெடச்சுதா?" ஜெனோவா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"மேடம் முட்டையோட ஒண்ணு கேட்டுட்டே இருக்காவ. கவட்டைமூக்கன்ல."

"தெரியும்."

தெரியும் என்றபோது குரல் கட்டையாக வந்துவிட்டது. கவட்டைமூக்கன். எவ்வளவு சுளுவாக வருகிறது அவள் வாயில், ஏதோ அவள் தாய்வீட்டுச் சீதனம் மாதிரி. அந்தப் பேர் பிறந்த நாள்கூடக் கித்தேரிக்கு நினைவிருக்கிறது. மேடம் மேல்படிப்புக்கு ஜப்பானுக்குப் போயிருந்த வருஷம். வெள்ளிக்கிழமை. கித்தேரிதான் குவியலில் இருந்து ஒன்றைத் தூக்கிப்பிடித்து, ஏட்டி இவன் மூக்கைப் பாருங்க, கவட்டைமூக்கன் என்றாள். பக்கத்துக் குவியல் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து துறைமுகத்துக்கே அதுதான் பேர். படகுக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அதற்குப் பேரே கிடையாது, கழசல், அவ்வளவுதான். மேடம் திரும்பி வந்தால் சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் பொத்தி வைத்திருந்தாள். மேடம் திரும்பி வந்தபோது கித்தேரி இங்கே இல்லை. பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுவிட்டார்கள். நாலு மாசம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. குவியலில் இடம் போய்விடுமே என்ற பயம். ஆகவே அவளேதான், அவள் வாயாலேயேதான், ஏட்டி ஜெனோவா, நான் வாரவரைக்கும் நீ போய் என் பலகையில உக்காரு என்று அனுப்பி வைத்தாள். யாரைக் குற்றம் சொல்ல? ஜெனோவா பத்தாவது பாஸ். இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கையில் போன் இருக்கிறது. மேடம் ஒரு மீனைப் பேர் சொன்னால் கித்தேரி அதைத் தொட்டுப் பார்த்து ஞாபகம் வைப்பாள், ஜெனோவா எழுதி வைப்பாள். எழுதி வைப்பவள் பக்கம்தானே ஆள் சாயும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து படுத்திருந்தபோது மேடம் வீட்டுக்கு வந்தார், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்தார். எத்தனை நேரம்? பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். பிறகு ஜெனோவா காப்பி கொண்டுவந்தாள், ஏதோ கேட்டாள், மேடம் எழுந்து வாசல்படிக்குப் போனார், வாசலிலேயே நின்று இரண்டு பேரும் மீனையும் வலையையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே கிடந்த கித்தேரிக்குக் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. தையல் போட்ட இடம் அன்றைக்கு வலித்ததுபோல அறுத்த அன்றுகூட வலிக்கவில்லை. அந்த ஆப்பிளை அவள் தின்னவில்லை. மகள் கேட்டபோது புளிக்கிறது என்று பொய் சொன்னாள்.

போன மாசம் புத்தகம் வந்தது. மேடத்தின் ஆராய்ச்சி நிலையம் போட்ட கலர்ப் புத்தகம், ஆழ்கடல் மீனெல்லாம் படமாக. குவியல் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கித்தேரிக்குப் படிக்கத் தெரியாது. மகள் ரெஜினா சாயங்காலம் விளக்கைப் போட்டுப் பக்கம் பக்கமாகப் படித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் சிவப்பாக அவன் இருந்தான். இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம், சேறும் மணலும் கலந்த தரை, உள்ளூர்ப் பெயர் கவட்டைமூக்கன், பெயர் தந்தவர் திருமதி ஜெனோவா. ரெஜினா அதைப் படித்துவிட்டு நிறுத்தினாள். எம்மா, இது நீ வச்ச பேருல்லா என்றாள். யார் வச்சா என்ன, மீன் மீன்தான், மேலே படி என்றாள் கித்தேரி. ரெஜினா மேலே படித்தாள், எதுவும் காதில் விழவில்லை. பிறகு ஆள் இல்லாத நேரமெல்லாம் கித்தேரி அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஜெனோவா என்ற எழுத்து எது என்று ரெஜினா விரல் வைத்துக் காட்டியிருந்தாள். அதை மட்டும் இப்போது அவளால் எங்கே பார்த்தாலும் படிக்க முடியும். நாற்பத்தாறு வயசில் அவள் படிக்கத் தெரிந்துகொண்ட ஒரே வார்த்தை அது.

இந்த மீனில் முட்டை இருக்கிறதா என்று ஒரு எண்ணம் அப்போதுதான் வந்தது. இவ்வளவு நேரமும் அது தோன்றவில்லை. குவியலைக் கிளறுகிற சாக்கில் குனிந்து, இடது கையைத் தார்ப்பாய்க்கு அடியில் விட்டு, வயிற்றைத் தடவினாள். அடிவயிற்றுத் தகடுகள் இரண்டு பக்கமும் விலகிப் பிதுங்கியிருந்தன. மெல்ல அழுத்தினாள். விரல் நுனியில் ஏதோ ஒன்று உருண்டது. கையை வெளியே எடுத்து முழங்காலுக்கு மறைவில் பார்த்தாள். கடுகைவிடச் சின்னது, ஆரஞ்சு நிறம், உள்ளே வெளிச்சம் போய்வருகிறது. மூன்று வருஷமாக மேடம் தேடுவது இது. எந்த மாசம் முட்டையிடும் என்று யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு முட்டைக்காரி முழுசாகக் கிடைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது இப்போது கித்தேரிக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு மட்டும். அந்த நினைப்பு இனித்தது, அடித்தொண்டை வரைக்கும் இனித்தது. கொடுக்க வேண்டாம். யாருக்கும் கொடுக்க வேண்டாம். லாரி வரும்போது கையோடு குவியலில் தள்ளிவிட்டால் முடிந்தது, அரைத்து மாவாகிக் கோழி தின்னட்டும். இல்லையென்றால் மூக்குக் கொம்பை ஒடித்துவிட்டு ஜெனோவா பக்கம் தள்ளிவிடலாம், அவள் ஓடிப்போய் ஒடிந்த மீனைக் கொடுத்து முகம் சுருங்கி நிற்கட்டும். பாவி, இப்படியெல்லாம் நினைக்கிறேனே, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவேண்டாமா? போகத்தான் வேண்டும். ஜெனோவாவும் பக்கத்திலேயே முழங்கால் போடுவாள். யக்கா முக்காடு நழுவுது பாரு என்று இழுத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அதை நினைத்தால் கோபம் வருவதற்கு இடமில்லாமல் போகிறது, இடமில்லாத கோபம் இன்னும் கூடுதலாகச் சுடுகிறது. கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? அந்தச் சேற்றில் இவன் தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்திருப்பான், இல்லை, இவள், முட்டைக்காரி, மேலெல்லாம் தகடு போட்டுக்கொண்டு, யாரும் கிட்டே வராதபடிக்கு. அவ்வளவு தகடு போட்டும் வலை மடிக்குள் வந்து விழத்தானே செய்தாள்.

ஒன்பது மணிக்கு மேடத்தின் வெள்ளை வண்டி ஏலக்கூடத்து வாசலில் நின்றது. கூடவே ஐஸ்பெட்டி தூக்குகிற டிரைவர். மேடம் முன்புபோலில்லை, கண்ணாடி போட்டிருக்கிறார், காதோரம் நரைத்திருக்கிறது. நேராகக் கித்தேரியிடம்தான் வந்தார். தோளில் கை வைத்தார்.

"உடம்பு எப்படிங்க இருக்கு கித்தேரியம்மா? குனிஞ்சு வேலை செய்யறீங்களே, வலி இல்லீங்களா?"

"இல்ல மேடம். நல்லாயிருக்கேன்."

தோளில் இருந்த கை எடுபட்டது. மேடம் குவியலைச் சுற்றிக்கொண்டு போய் ஜெனோவா பக்கம் குந்தினார். அங்கேதான் எடுத்து வைத்த மீன் பெட்டி இருந்தது, அதனால்தான் போனார், அது தெரியும், தெரிந்தும் கித்தேரியின் உள்ளே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. ஜெனோவா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இரண்டு தலைகளும் ஒட்டினாற்போலக் குனிந்திருந்தன.

"அடுத்த மாசம் எனக்கு மாற்றல் ஜெனோவா. விசாகப்பட்டினம். இனி இங்க வர்றது இதுதான் கடைசின்னு நினைக்கறேன்."

கித்தேரிக்குக் கையில் இருந்த மீன் என்ன மீன் என்று தெரியவில்லை. கடைசி. அதை அவளிடம் சொல்லவில்லை, ஜெனோவாவிடம் சொன்னார், பேரைச் சொல்லிச் சொன்னார். எட்டு வருஷத்தை முடித்துவைக்கிற வார்த்தை குவியலுக்கு அந்தப் பக்கமாகப் போய் விழுந்தது, இவளுக்குத் தெறித்ததுதான் மிச்சம்.

"அந்த முட்டைக்காரி மட்டும் சிக்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே மேடம் எழுந்தார். "உங்க கண்ணுல எதுவும் படலீங்களா கித்தேரியம்மா?"

"இல்ல மேடம்."

ஜெனோவா நிமிர்ந்தாள். கித்தேரியை ஒருமுறை பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். மேடம் இரண்டு பேர் கையையும் பிடித்துவிட்டு, போன் பண்ணுங்க என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைச் சேலை ஏலக்கூடத்து ஆட்களுக்குள் நுழைந்து மறைந்தது. கித்தேரி நண்டையும் கல்லையும் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தாயிற்று. இதுதான் ஜெயிப்பது என்றால் இவ்வளவுதானா அது, வாயில் இனிப்பையே காணோமே. முட்டை இருக்கிறது என்று தெரியும், சரி, யாரிடம் போய்ச் சொல்ல? அந்தோணியிடமா? கேட்டவர் ஒருத்தர்தான், அவரும் போய்விட்டார்.

"யக்கா, தொடையில ரத்தம் வருது பாரு" என்றாள் ஜெனோவா.

கித்தேரி குனிந்து பார்த்தாள். சேலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"எப்பம் பாத்த?"

"நீ மீன எடுக்கும்போதே பாத்தேன்."

"பொறவு ஏன் மேடத்துட்ட சொல்லல?"

ஜெனோவா கையில் இருந்ததைக் கீழே போட்டாள். "எந்த மூஞ்சிய வச்சிச் சொல்ல? அந்தப் பேரு யாரு வச்சான்னு மேடம் கேட்டாவ. எம் பேரச் சொல்லிட்டேன். வாய்தவறிச் சொல்லல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

கித்தேரி கையில் இருந்த நண்டைக் கூடைக்குள் போட்டாள்.

"நான் எத்தன மீன் எடுத்துக் குடுத்தாலும், கித்தேரியம்மாவா இருந்தா இந்நேரம் எடுத்திருப்பாங்க, கித்தேரியம்மா கைக்குக் கண்ணு இருக்கும்பாவ. ரெண்டு வருசமா இதே பேச்சு. நான் எடுத்த மீனப் பாத்துக்கிட்டே ஒன்னயப் பேசுவாவ. ஒரு எடத்துலயாச்சும் எம் பேரு வரட்டுமேன்னு இருந்துச்சு."

கித்தேரிக்கு எங்கோ உள்ளே குளிர்ந்துகொண்டே போயிற்று. திட்டவேண்டும். திட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வேற என்ன சொன்னாவ? என்னய பத்தி?"

கேட்டவுடன் கூசியது. ஜெனோவா அவளை உற்றுப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

"இப்ப அதா பெருசு? ஐஸ் ஏத்த வண்டி பத்து நிமிசம் நிக்கும். போ யக்கா. லாரி வாரதுக்குள்ள ஒன் பங்கையும் நான் பொறுக்கிப் போடுதேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஏலக்காரர்களையும் பெட்டிகளையும் இடித்துக்கொண்டு போனாள். தொடை எரிந்தது. ஐஸ் ஆலை முன்னால் வண்டி நின்றுகொண்டிருந்தது. மேடம் கதவைத் திறந்து இறங்கி, கித்தேரியின் கையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீனை வாங்கி, திருப்பி, வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார். ஆரஞ்சு மணிகள் நாலைந்து அவர் உள்ளங்கையில் ஒட்டின. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சேலையில் இருந்த ரத்தத்தையும் பார்த்தார். எங்கே இருந்தது, எப்போது கிடைத்தது என்று கேட்டிருந்தால் கித்தேரி செத்திருப்பாள். கேட்கவில்லை.

மீனுக்குக் கட்டுகிற சீட்டை எடுத்து மேடம் பென்சிலால் எழுதத் தொடங்கினார்.

"எடுத்தது யாருன்னு போடுவிய?" என்று கித்தேரி கேட்டாள்.

"போடணுங்க."

"கித்தேரின்னு போடுங்க. நாந்தான் எடுத்தேன். நான் மட்டும்தான்."

மேடம் எழுதினார். எழுதி முடிக்கும்வரை கித்தேரி நகரவில்லை. தன் பேர் எது என்று கேட்டாள். மேடம் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். இன்னொருமுறை காட்டச் சொன்னாள்.

"உள்ளூர்ப் பேர் எழுதணுமே. ஜெனோவா வெச்சதுதான், கவட்டைமூக்கன், சரிங்களா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது எம் பேரு மேடம், நான் வச்சது, அவளே இப்பதான் ஒத்துக்கிட்டா. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மேடத்தின் பென்சில் சீட்டுக்கு மேலே காத்து நின்றது. கித்தேரி அந்தப் பென்சிலையே பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள். ஏன் ஆமா என்றேன், என்ன கிறுக்கு எனக்கு, இப்போதும் போய்ச் சொல்லலாம். திரும்பிப் பார்த்தாள். வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கை தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். நெஞ்சுக்குள் அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. குவியலுக்கு வந்து பலகையில் உட்கார்ந்தாள். அவள் கூடை நிறைந்திருந்தது. லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜெனோவா அவளைப் பார்க்காமலே கேட்டாள்.

"குடுத்துட்டியா?"

"ம்."

ஜெனோவா குவியலைக் கிளறிக்கொண்டே, "என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாவளா?"

கித்தேரி ஒரு கணவாயை எடுத்து, கழுவி, கூடையில் வைத்தாள்.

"நீ வச்ச பேரு நல்ல பேருன்னாவ."

ஜெனோவாவின் கை குவியலுக்குள் அப்படியே நின்றது. லாரிக்காரன் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் ஒதுங்கவில்லை.